ரெண்டு நாள் மாத்திரை

"நீர்க்கடுப்புக்கு ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க." அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மெடிக்கலில் இப்படிக் கேட்பது யாருக்கும் தவறாகவே தோன்றுவதில்லை. விசைத்தறியில் நிற்பவரும் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுபவரும் வியர்வையாகப் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தாகத்தையே அடக்குகிறார்கள். சிறுநீர்ப்பையை அலசிவிடுவது அந்த நீர்தான். அது குறைந்தால் கிருமி தங்கிவிடும்.

பெரும்பாலும் அந்தக் கிருமி நம் குடலில் வாழும் ஈ.கோலை. மயிரிழை போன்ற நீட்சிகளால் பையின் சுவரைப் பற்றுகிறது. பிறகு கூட்டமாகச் சேர்ந்து, பிசின் சுரந்து, அதற்குள் ஒடுங்கிக்கொள்கிறது. ஊருணிப் படியில் கட்டும் வழுக்கலைப் போன்ற இதை உயிர்ப்படலம் என்கிறார்கள். அடியாழத்தில் உள்ளவை வளர்வதையே ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. வளரும் கிருமியைக் கொல்லும் மருந்துக்கு அவை சிக்குவதில்லை. மிதக்கும் கிருமிக்குப் போதுமான அளவைப் போல நூறு, ஆயிரம் மடங்கு மருந்துகூட இவற்றுக்குத் தேவைப்படலாம். எரிச்சல் அடங்கியதும் மாத்திரையை நிறுத்துகிறோம். மிச்சமிருப்பவை நெருங்கி வாழ்வதால், மருந்தை எதிர்க்கும் மரபணுவை ஒன்றுக்கொன்று எளிதாகக் கைமாற்றிக்கொள்கின்றன.

டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில்தான், 2008இல், என்டிஎம்-1 கொண்ட கிருமி முதலில் பிடிபட்டது. மற்ற மருந்துகள் கைவிட்டபின் மருத்துவர் எடுக்கும் கார்பாபெனெமையே சிதைக்கும் நொதி அது. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் உடனிருந்தோரும் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் மட்டும் அப்படிப்பட்ட கிருமிகள் 44. மருத்துவமனைக்கு வெளியே, ஊருக்குள் வந்த சிறுநீர்த் தொற்றும் அவற்றில் உண்டு. இதை நினைத்தால் எனக்கு மெடிக்கல் வாசல்தான் கண்முன் நிற்கிறது.

கட்டுப்பாட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் ஹெச்1 பட்டியல் 2014 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நீர்க்கடுப்புக்குக் கொடுக்கப்படும் செஃபிக்சைமும் அதில் அடங்கும். மருத்துவர் சீட்டு வேண்டும். நோயாளியின் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும்.

வீட்டில் பெரியவருக்குச் சிறுநீர் வடிய டியூப் போட்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் கிருமி புதிதாகக் குடியேறுகிறது. புரோட்டியஸ் வகைக் கிருமி யூரியாவை உடைத்து, உப்பைப் படியவைத்துக் குழாயையே அடைத்துவிடும்.

கடுப்பு திரும்பத் திரும்ப வருகிறதென்றால், முதல் மாத்திரைக்கு முன்பே யூரின் கல்ச்சருக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருந்து கேட்கும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரியும். குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுவலி இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.