கலைவாணரின் இரண்டாம் பிரவேசம்

தமிழ்த் திரையுலகிலே படக் கம்பனி தொடங்கிய நடிகர் பலர் உளர். ஆனால், தாம் சிறைக்கூடத்தில் இருக்கையிலேயே தமது பெயரால் ஒரு படம் தயாராகி வந்த விந்தை, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் வாழ்க்கையில்தான் நிகழ்ந்தது.

நாகர்கோவிலில் 1908ஆம் ஆண்டு பிறந்த கிருஷ்ணன், நாடகக் கொட்டகையில் சோடா விற்ற ஏழைச் சிறுவன். பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலே சேர்ந்து பயிற்சி பெற்றார். 1936இல் ‘சதி லீலாவதி’ வெளிவந்தபோது, தமக்குரிய நகைச்சுவைக் காட்சிகளைத் தாமே அமைத்துக்கொண்டார். பிறர் எழுதித் தந்ததை ஒப்புவிக்கும் விதூஷகராக அவர் என்றுமே இருந்ததில்லை. வாழ்க்கைத் துணைவியான டி. ஏ. மதுரம் திரையிலும் அவருக்குத் துணையானார். இவ்விருவரும் இல்லாத படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் தயங்கிய காலமும் உண்டு.

அந்த உச்சத்திலேதான் இடி விழுந்தது. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையிலே குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அக்கொலை வழக்கிலே கிருஷ்ணனும், ‘ஹரிதாஸ்’ புகழ் எம். கே. தியாகராஜ பாகவதரும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை முறையிட்டுத்தான், மேன்முறையீடு மீண்டும் சென்னையில் விசாரணைக்கு வந்தது. 1947 ஏப்பிரலில் இருவரும் குற்றமற்றவர்களென விடுதலையாயினர்.

கடல் கடந்து வழக்காடுவதென்றால் பணத்துக்கு எங்கே போவது? மதுரம் அம்மையார் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையுடன் கணவரின் நாடக சபையை நடத்தினார். அந்த மேடையில் ஏறிய ‘பைத்தியக்காரன்’ நாடகத்தையே என். எஸ். கே. பிக்சர்ஸ் சார்பில் படமாக்கவும் முற்பட்டார். கிழவருக்கு இளம்பெண்ணை மணமுடிக்கும் கொடுமையைச் சாடிய கதை அது. கிருஷ்ணன் – பஞ்சு இயக்கினர். படம் முடியுமுன்னரே கிருஷ்ணன் விடுதலையாகி வந்துவிட, அவருக்கென்று காட்சிகள் சேர்க்கப்பட்டன! 1947இலேயே படம் திரைக்கு வந்தது.

ஒரே வழக்கில் சிக்கிய இருவருள், பாகவதருக்குப் பழைய செல்வாக்குத் திரும்பவில்லை. அவருடைய ‘ராஜமுக்தி’ தோல்வியுற்றது. கிருஷ்ணனை மட்டும் மக்கள் பழையபடி ஏற்றுக்கொண்டதேன்? காதல் நாயகனின் கவர்ச்சி மங்கினால் மங்கியதுதான். துன்பப்பட்டு வந்த விகடனுக்கோ, அத்துன்பமே ஒரு தகுதியாகிவிடுகின்றது. இது எமது ஊகமே.

மீண்டும் கிடைத்த செல்வாக்கை அவர் பயன்படுத்திய விதம் கவனிக்கத்தக்கது. 1949இல் சி. என். அண்ணாதுரையை எழுதச் செய்து ‘நல்லதம்பி’யைத் தயாரித்தார். எதிர்பாராமல் ஜமீன் சொத்துக்கு வாரிசான ஒருவன் ஏழைகளுக்கு உழைக்கும் கதை. மதுவிலக்குப் பிரசாரமும் தாராளமாகவே இருந்தது. சில இடங்களில் சற்று மிகுதி என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் அப்படத்தின் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபத்தை எவரும் பிரசாரமென்று ஒதுக்கமாட்டார். பக்தியால் உயர்ந்த நந்தனாரின் சரித்திர பாணியிலேயே, தாழ்த்தப்பட்ட சிறுவன் ஒருவன் படிப்பால் உயர்ந்த கதையைச் சொல்லி, சபையோரைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தார் கிருஷ்ணன். 1951இல் அவர் இயக்கிய ‘மணமகள்’, பத்மினியைத் தமிழ்ப்படக் கதாநாயகியாக்கிற்று.

வந்த பணமெல்லாம் கேட்டவர் கைக்கே போயிற்று. 1957 ஆகஸ்ட் 30ஆம் திகதி, ஐம்பது வயது நிரம்புமுன்னரே காலமானபோது, அவர் விட்டுச்சென்ற செல்வம் சொற்பமே. 1969 ஜனவரியில் சென்னையிலே அவருக்குச் சிலை எழுந்தது. திறந்துவைத்தவர், அப்போது முதலமைச்சராயிருந்த அதே அண்ணாதுரை. நோயுற்ற உடலோடு வந்திருந்தார். மறுமாதம் அவரும் மறைந்தார்.