ஏட்டில் ஊரும் வெள்ளைத் தூசி



பள்ளி விடுமுறை முடிந்து பழைய புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரிக்கிறோம். தாளில் தூசி ஒன்று ஓடுகிறது, சற்று நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. "பிள்ளையின் தலைப்பேன் புத்தகத்திலும் ஏறிவிட்டதே!" என்று தாய்மார் பதறுவதுண்டு. புத்தகத்தையே அடுப்பில் போட்டவர்களும் உண்டு. பாவம், அந்தப் புத்தகம்! இந்தப் பூச்சிக்குப் புத்தகப் பேன் என்று பெயர். பெயர்தான் பேன்; அது யாரையும் கடிப்பதில்லை, இரத்தம் குடிப்பதுமில்லை.

இதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெரிய தலை, நூல் போன்ற நீண்ட உணர்கொம்புகள், தட்டையான உடல், தடித்த பின்தொடைகள் தெரியும். தலைப்பேனுக்கு உணர்கொம்பு குட்டை. மயிரைப் பற்றிக்கொள்ளக் கொக்கி போன்ற கால் உண்டு. அரிசி வண்டுக்கோ தும்பிக்கை போல மூக்கு நீண்டிருக்கும். ஆனாலும் தலைப்பேனும் புத்தகப் பேனும் ஒரே மூதாதையின் வழிவந்த பங்காளிகள் என்பதை அறிவியலார் கண்டறிந்து, இன்று இரண்டையும் ஒரே வரிசையில் சேர்த்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் அதிகம் காணப்படும் வகையில் ஏறக்குறைய எல்லாமே பெண் பூச்சிகள். ஆண் துணையின்றியே முட்டையிடும். நம் வெப்பத்தில் முட்டை முழுப்பூச்சியாக மூன்று, நான்கு வாரம் போதும். ஒன்று வந்தால் ஆயிரமாவது இப்படித்தான்.

அது தேடி வருவது எழுத்தையல்ல. ஈரத்தில் படரும் பூஞ்சணத்தையும், அட்டை ஒட்டிய மாவுப் பசையையும், அரிசித் தூளையும்தான். காற்றின் ஈரத்தையே உடலுக்குள் இழுத்து உயிர் வாழும். காற்று நன்றாக உலர்ந்துவிட்டால் காய்ந்து மடியும். 1906-இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறியது முதல் பாரிட் புந்தாரைச் சுற்றி வயலும் வாய்க்காலும்தான். அதோடு மழையும் சேர்ந்தால் மூடிய அலமாரிக்குள் ஈரத்துக்குக் குறைவேது?

ஆகவே மருந்து, காற்றோட்டமே. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். புத்தகங்களை விரித்து நிழலில் உலர்த்தித் துடையுங்கள். அரிசித் தொட்டியைக் காலி செய்து, கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே புது அரிசியைக் கொட்டுங்கள். பூச்சி கண்ட அரிசியைப் புடைத்து, களைந்து சமைக்கலாம். பூஞ்சண வாடை அடித்தால் மட்டும் வேண்டாம். ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: தோட்டத்தில் அடிக்கும் மருந்தைப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசிக்கருகே தெளிக்காதீர்கள். பூச்சியால் வராத ஆபத்து அந்த மருந்தால் பிள்ளைகளுக்கு வரும்.

இதன் உறவினர் மரப்பட்டைப் பேன்கள். ரப்பர் மரமோ மாமரமோ, பட்டையில் கூட்டமாக மேயும். விரல் பட்டால் ஆட்டுமந்தை போல ஒன்றாக நகரும். இறக்கை உள்ளவை அதைக் கூரை போல முதுகில் மடித்திருக்கும். சில இனங்கள் அடிமரம் முழுவதும் மெல்லிய வெள்ளை வலை போர்த்திவிடும். சிலந்தியோ நோயோ என்று பயப்பட வேண்டாம். அவை தின்பது பட்டையின் மேலுள்ள பாசியையும் பூஞ்சணத்தையும்தான். மரத்தையோ பாலையோ தொடுவதில்லை. மருந்தும் வேண்டாம், கத்தியால் சுரண்டவும் வேண்டாம். வலை நாளடைவில் காற்றிலும் மழையிலும் தானே கிழிந்து போய்விடும்.