சோடாபுட்டி, சீவாத தலை... ப்ரோகிராமர்னா அவ்ளோதானா?

ஒரு ப்ரோகிராமரை வரைங்க பார்ப்போம். சோடாபுட்டிக் கண்ணாடி, சீவாத தலை, பக்கத்துல ஆறிப்போன டீ. வரைஞ்சாச்சா? ஒண்ணு கவனிச்சீங்களா... நீங்க வரைஞ்சது ஒரு பையனை!

லேப்ல சுத்துற ஜோக்குகளும் அப்படித்தான். 'பால் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க. முட்டை இருந்தா ஆறு வாங்கிடுங்க' என்கிறார் மனைவி. ப்ரோகிராமர் கணவர் ஆறு பாக்கெட் பாலோடு வந்து நிற்கிறார். ஏன்னு கேட்டா, 'கடையில முட்டை இருந்துச்சே!' செம ஜோக்தான். ஆனா, 'இஃப் கண்டிஷன்' தெரிஞ்சவர் எப்பவும் கணவர். முழிக்கிறவர் எப்பவும் மனைவி!

தமாஷுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியாங்கறீங்களா? ஒரு ஃப்ளாஷ்பேக். 1946 பிப்ரவரியில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் சுமார் 30 டன் எடையுள்ள 'எனியாக்' கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டியது. அதுக்கு ப்ரோகிராம் போட்டவங்க ஆறு பெண்கள். படிக்க ஒரு மேனுவல்கூட கிடையாது. சர்க்யூட் படங்களைப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டாங்க. மெஷினைக் கட்டுறதுதான் பெரிய வேலை, ப்ரோகிராம் போடுறது கிளார்க் வேலைன்னு நினைச்ச காலம் அது!

அப்புறம் அந்த வேலைக்கு மவுசு கூடிச்சு. 1960-களில் கேனன், பெர்ரி என்ற ரெண்டு மனோதத்துவ நிபுணர்கள் 1,378 ப்ரோகிராமர்களை ஆராய்ந்தார்கள். அதுல பெரும்பாலானவங்க ஆண்கள். 'இவங்களுக்குப் புதிர்னா உயிர், மனுஷங்கன்னா ஆர்வம் இல்லை'ன்னு முடிவு சொன்னாங்க. இந்த மாதிரி அளவுகோலை வெச்சே கம்பெனிகள் ஆள் எடுத்ததா வரலாற்று ஆய்வாளர் நாதன் என்ஸ்மெங்கர் எழுதியிருக்கார். அதாவது, நாம சிரிக்கிற அந்த 'டைப்' ஆளுங்க தானா வந்து சேர்ந்துடலை. தேடித் தேடி எடுத்திருக்காங்க!

அமெரிக்காவில் 1984-ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கினவங்கள்ல பெண்கள் சுமார் 37 சதவிகிதம். 2010-களில் அது 18 சதவிகிதம் அளவுக்கு இறங்கியது. ஜோக்தான் காரணம்னு பழி போட முடியாது. வீட்டுக் கம்ப்யூட்டரைப் பையன்களின் பொம்மையா விற்ற விளம்பரங்களுக்கும் பங்கு உண்டு.

அதுக்காகச் சிரிக்கவே கூடாதா பாஸ்? தாராளமா சிரிக்கலாம். பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால், ப்ரோகிராமருக்கு வேண்டிய மூணு நற்குணங்களா சோம்பல், அவசரம், திமிர் மூணையும் சொன்னார். 'பல்பு மாத்த எத்தனை ப்ரோகிராமர் வேணும்? ஒருத்தரும் வேணாம், அது ஹார்டுவேர் பிரச்னை!'ன்னும் ஒரு கடி உண்டு. இதெல்லாம் வேலையைக் கலாய்க்கிற ஜோக். லேப்ல இருக்கிற அத்தனை பேரும் சிரிக்கலாம்.

'நீ இந்த வேலைக்கு ஆள் இல்லை'ன்னு சொல்ற ஜோக்தான் சிக்கல். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல 'கோடிங் பசங்க பார்த்துக்கறோம், பிபிடியும் ரிப்போர்ட்டும் நீங்க பண்ணிடுங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே பிரிச்சுக் கொடுக்கிறோமே, அதுவும் இந்த ஜோக்கோட தம்பிதான். நாலு வருஷம் கீபோர்டு கிடைக்காத பொண்ணு, இன்டர்வியூவில் எதைக் காட்டுவா?

சந்தேகம் இருந்தா ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பால் ஜோக்கில் மனைவியைப் ப்ரோகிராமர் ஆக்கி, கடைக்கு அனுப்பிப் பாருங்க. ஆறு பாக்கெட் பால், அதே பதில், அதே சிரிப்பு. ஒரு எரர்கூட வராது!