காடி சொன்ன சேதி

ஊறுகாய் கெடாமலிருக்க ஊற்றுகிறார்களே காடி, கடைக்காரர் 'வினிகர்' என்று சொல்லி விற்கிறாரே, அதில் இருப்பது அசிட்டிக் அமிலம். இந்த அமிலத்தை நூற்றுக்கு 4 பங்கு வீதம் தண்ணீரில் கலந்து, பஞ்சில் தோய்த்து, கர்ப்பப்பையின் வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடிய இடம் வெள்ளை வெளேரென்று தெரியும். நல்ல இடம் நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். பார்ப்பதற்குப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸு போதும்; பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

கேட்டால் ஏதோ பாட்டி வைத்தியம் போலிருக்கிறதல்லவா? ஆனால் இந்தச் சுலபமான பரீட்சை பெண்களின் உயிரைக் காக்கும் என்பதைக் கணக்கு வைத்து நிரூபித்துக் காட்டிய இடம் நம் திண்டுக்கல் ஜில்லா. அதைக் காட்டுவதற்கு ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்திலுள்ள அம்பிளிக்கை என்ற சிற்றூரும், சென்னை அடையாறும், பிரான்ஸ் தேசத்து லியோன் நகரமும் கை கோத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

மெள்ள வரும் எதிரி

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. பாப்பிலோமா என்ற வைரஸ் கிருமியே அதற்கு மூலகாரணம். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு ட்ஸுர் ஹவுஸனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி அநேகம் பெண்களின் உடலில் புகுந்து, தானாகவே மறைந்தும் விடுகிறது. சிலரிடம் மட்டும் போகாமல் தங்கி, பத்து, பதினைந்து வருஷங்கள் மெள்ள மெள்ள வேலை செய்து, கடைசியில் புற்றாக முற்றுகிறது.

ஆகவே, இடையில் நமக்குக் கிடைக்கும் அவகாசம் மிகப் பெரிது. அந்த அவகாசத்தில் கண்டுபிடித்துவிட்டால், குளிர்ந்த வாயுவைக் கொண்டு அந்த இடத்தை உறைய வைத்தே பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். அப்படியிருந்தும், 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரே வருஷத்தில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் கண்டது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். தடுத்திருக்கக்கூடிய நோய்க்கு இத்தனை பலி!

மேல்நாடுகளில், கர்ப்பப்பை வாயிலிருந்து அணுக்களை வழித்தெடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கும் 'பாப்' பரிசோதனையால் இந்த நோயைப் பெரிதும் குறைத்துவிட்டார்கள். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். கைதேர்ந்த நிபுணர்கள் வேண்டும். முடிவு தெரிந்தபின் அந்தப் பெண்ணை மறுபடி அழைக்க வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு ஒரு நாள் வந்தவள் மறு வாரமும் வருவாள் என்பது என்ன நிச்சயம்? கிராமத்துக்கு ஏற்ற வழி வேறு வேண்டியிருந்தது.

மூன்று ஊர்களின் கூட்டு

லியோனில் இருப்பது உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம். அது 1965-ல் தோன்றியது. ஆராய்ச்சியைத் திட்டமிடும் கலையும் கணக்கியல் நிபுணர்களும் அங்கே உண்டு. ஆனால் திண்டுக்கல் கிராமத்துப் பெண் ஒருத்தியின் வீட்டு வாசலில் போய் நின்று, 'வாருங்கள் அம்மா' என்று அழைக்க லியோனால் ஆகுமா? அதற்கு, அக்கம் பக்கத்து ஜனங்கள் அறிந்த அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார நிலையத்தின் ஊழியர்கள் வேண்டும். யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று ஊர் ஊராகப் பதிவேடு வைக்காவிட்டால் எல்லாம் வீண். அந்தக் கலையில் பழகியது அடையாறு புற்றுநோய் நிலையம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அதே நிலையந்தான். அமெரிக்காவின் கேட்ஸ் அறநிறுவனம் பணம் உதவியது. லியோன் நிலையத்தின் டாக்டர் ஆர். சங்கரநாராயணன் இந்தக் கூட்டுக்குத் தலைமை வகித்தார்.

2000-ம் ஆண்டில் வேலை தொடங்கியது. ஜில்லாவில் 114 கிராமத் தொகுதிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைக் காடிப் பரீட்சைக்கு அழைத்தார்கள். மற்ற 57 தொகுதிகளில் வழக்கமான வைத்திய வசதியே தொடர்ந்தது. அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் 2003-க்குள் வந்து சோதித்துக்கொண்டார்கள். அவர்களில் 3,088 பேருக்கு வெள்ளைத் திட்டு தென்பட்டது. தக்கவர்களுக்கு நர்ஸுகளே வந்த அன்றைக்கே உறைய வைக்கும் சிகிச்சையைச் செய்தார்கள். மற்றவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

2006 வரை பதிவேட்டைப் பார்த்துக் கணக்கிட்டபோது, பரீட்சைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோய் வருவது நூற்றுக்கு 25 பங்கு குறைந்திருந்தது. இதனால் நேரும் மரணம் 35 பங்கு குறைந்திருந்தது. அதுவும் ஒரே ஒரு முறை சோதித்ததன் பலன்! 2007-ல் லண்டனிலிருந்து வெளியாகும் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் இது பிரசுரமாயிற்று.

மனத்தை உறுத்தும் கேள்வி

இந்த வெற்றியில் ஒரு முள்ளும் உண்டு. சோதிக்காமல் விட்ட ஊர்களில் அந்தக் காலத்துக்குள் 92 பெண்கள் இந்த நோய்க்கு இரையானார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்களை அப்படியே விட்டது தர்மமா என்று பிற்பாடு வைத்திய உலகில் பலமாகக் கேள்வி எழுந்தது. வழக்கமான வசதியைக் குறைக்கவில்லை, அப்போது அந்த வட்டாரத்தில் வேறு பரிசோதனைத் திட்டம் இருக்கவில்லை என்பது ஒரு பக்கத்து வாதம். பயன் தரும் என்று தெரிந்த ஒன்றை ஏன் கொடுக்கவில்லை என்பது மறுபக்கத்து வாதம். எந்தப் பக்கம் பேசினாலும் ஒன்று மறக்கக்கூடாதது: இன்று நம் கையிலுள்ள அறிவு, பேர் தெரியாத அந்தக் கிராமத்துப் பெண்களிடம் நாம் பட்ட கடன். அதை உபயோகிக்காமல் விடுவதுபோன்ற நன்றிகேடு வேறில்லை.

ஓர் இடத்து முடிவை வேறோர் இடத்தில் உரைத்துப் பார்ப்பது கூட்டு ஆராய்ச்சியின் இன்னொரு பயன். மகாராஷ்டிரத்தில், இப்போது தாராசிவ் என்று பெயர் பெற்றுள்ள உஸ்மானாபாத் ஜில்லாவில், பம்பாய் டாட்டா நினைவு நிலையமும் பார்சி நகரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் லியோனுடன் சேர்ந்து ஏறத்தாழ 1,32,000 பெண்களைப் பின்தொடர்ந்தன. அங்கே காடிப் பரீட்சையால் மரணம் நிச்சயமாகக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. வைரஸ் கிருமியையே நேரில் தேடும் பரீட்சை மரணத்தை ஏறத்தாழப் பாதியாக்கியது. 2009-ல் வெளியான இந்த முடிவின் வழியே உலகமும் நடந்தது. 2021 முதல், வசதியுள்ள இடங்களில் கிருமிப் பரீட்சையையே முதலில் செய்யும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது.

தடையிலும் ஒரு லாபம்

அடுத்த அத்தியாயம் தடுப்பூசி. கிருமி புகுமுன்பே பெண்குழந்தைகளுக்கு ஊசி போடுவது. 2009-ல் லியோன் நிலையம் இந்தியாவின் பல ஊர்களில், அம்பிளிக்கை உள்பட, ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. மூன்று ஊசி வேண்டுமா, இரண்டு போதுமா என்பது கேள்வி. வேறொரு தடுப்பூசித் திட்டத்தைப் பற்றி எழுந்த சர்ச்சையினால், 2010 ஏப்ரலில் இப்படிப்பட்ட ஊசி ஆராய்ச்சிகள் எல்லாவற்றையும் நிறுத்தும்படி மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றுவிட்டார்கள்.

ஆராய்ச்சி பாழாயிற்று என்று கைகழுவியிருக்கலாம். கூட்டிலிருந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்தச் சிறுமிகளை வருஷக்கணக்கில் விடாமல் கவனித்து வந்தார்கள். ஒரே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பாதுகாப்பு என்பது 2021-ல் வெளியான பத்து வருஷக் கணக்கில் தெளிவாயிற்று. வேறு தேசங்களிலும் இத்தகைய முடிவுகள் கிடைக்கவே, 2022 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் 9 முதல் 20 வயது வரை ஒரே ஊசியும் போதுமென்று ஏற்றுக்கொண்டது. ஒரு பெண்ணுக்கு ஆகிற மருந்தை மூன்று பேருக்குப் பங்கிடலாம் என்றால், ஏழை நாடுகளுக்கு அது எத்தனை பெரிய வரம்!

வராதவர்கள்

ஆயினும் திண்டுக்கல் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். அழைத்தும் வராதவர்கள் 17,968 பேர். புற்றின் முன்நிலை கண்ட 1,874 பேரில் நூற்றுக்கு 28 பேர் சிகிச்சை பெறவே இல்லை. வயலில் வேலை, வீட்டில் அனுமதி இல்லை, வெட்கம், 'எனக்கு ஒன்றுமில்லையே' என்ற எண்ணம் — இப்படிப்பட்ட தடைகள் எந்தக் கிராமத்தில்தான் இல்லை? இவற்றைத் தீர்க்க லியோன் நிபுணரால் முடியாது. கணவன்மாரும், மாமியாரும், அடுத்த வீட்டு அக்காவும் அந்தக் கூட்டில் சேர்ந்தால்தான் முடியும்.

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். சில நிமிஷ வேலை, வலி இராது. மாதவிலக்கு நின்ற பிறகோ, இரண்டு விலக்குகளுக்கு இடையிலோ, தாம்பத்திய உறவுக்குப் பின்போ உதிரம் கண்டால், பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருக்கும் ஆண் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: வீட்டில் அம்மாவோ மனைவியோ தங்கையோ இதுவரை போயிருக்கிறார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். போகவில்லை என்றால், நாளைக் காலை துணைக்குப் போங்கள்.