எந்திரத்துக்கும் மூச்சு வேண்டும்

மாடு தண்ணீர் குடித்தால் உழவனுக்கு மகிழ்ச்சி. வண்டி ஆயில் குடித்தால் ஓட்டுபவனுக்குக் கவலை. வாடகைக் கார் ஓட்டும் என் தந்தையாருக்குச் சென்ற ஆண்டு அந்தக் கவலை வந்தது. 1,60,000 கிலோமீட்டர் ஓடிய டீசல் வண்டி. கடனில் வாங்கியது, இன்னும் தவணை முடியவில்லை. அது 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் எண்ணெயைக் குடிக்கத் தொடங்கியது. காலையில் கிளப்பினால் நீலப் புகை.

“ரிங் போயிடுச்சு அண்ணே, டர்போவும் போயிடுச்சு. என்ஜினை இறக்கித்தான் ஆகணும்” என்றார் பட்டறைக்காரர். அவர் சொன்ன தொகையைக் கேட்டுத் தந்தையார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் கல்லூரிக் கட்டணமும் அந்த வண்டியிலிருந்துதான் வரவேண்டும். இயற்பியல் மாணவனான நான் அன்றுதான் முதன்முறையாக ஓர் எந்திரத்தைப் பற்றி உண்மையான அக்கறையோடு படித்தேன். படித்ததைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணெய் எங்கே போகிறது?

உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அதன் இடுப்பைச் சுற்றி மெல்லிய உலோக வளையங்கள் உள்ளன. மேல் வளையங்கள் எரிவாயுவின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. கீழ் வளையம் உருளைச் சுவரில் படிந்த எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புகிறது. வளையங்கள் ஒட்டிக்கொண்டாலோ, எண்ணெய் திரும்பிச் செல்லும் துளைகள் கரியால் அடைபட்டாலோ, எண்ணெய் மேலே தங்கி எரிபொருளோடு சேர்ந்து எரிந்துவிடும்.

எவ்வளவு எரிகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 1000 கிலோமீட்டர் செல்ல 20 மணி நேரம். நிமிடத்துக்கு 2000 சுழற்சி என்று கொண்டால் 24 லட்சம் சுழற்சிகள். நான்கு வீச்சு எந்திரத்தில் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் ஓர் உருளையில் எரிதல் நிகழும். நான்கு உருளைகளுக்கும் சேர்த்து 48 லட்சம் எரிதல்கள். அரை லிட்டர் எண்ணெயை இதனால் வகுத்தால், ஓர் எரிதலுக்கு ஒரு துளியில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்குதான் வருகிறது! கண்ணுக்குத் தெரியாத இந்தக் கசிவுதான் மாதக் கடைசியில் குடும்பத்தின் பணப்பையைத் தொடுகிறது.

கீழே கசியும் வாயு

எண்ணெய் மேலே போவது ஒரு பக்கம். வாயு கீழே வருவது மறுபக்கம். வளையங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரியும் வாயுவில் சிறு பகுதி அவற்றைத் தாண்டிக் கிராங்க் அறைக்குள் இறங்கவே செய்யும். எரியாத எரிபொருள், நீராவி, புகைக்கரி எல்லாம் அதில் உண்டு. கிராங்க் தண்டு சுழன்று தெறிக்கும் எண்ணெய்த் திவலைகளும் அதோடு கலக்கின்றன.

இந்த வாயுவுக்கு வெளியேற வழி வேண்டும். வீட்டில் குக்கரின் வெயிட் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நம் தாய்மாரைக் கேட்டால் தெரியும். கிராங்க் அறையின் நிலையும் அதுவே. வழி அடைபட்டால் அழுத்தம் ஏறும். வலுவில்லாத சீல் எதுவோ அதன் வழியாக எண்ணெய் பிதுங்கும்.

முற்காலத்தில் இந்த வாயுவை ஒரு குழாய் வழியே சாலையில் விட்டுவிட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலறிஞர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரியச் செய்த புகைமூட்டம், ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிவதால் உண்டாவது என்று காட்டினார். வாகனம் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிராங்க் அறையிலிருந்தே வருவது தெரியவந்தது. 1961ஆம் ஆண்டு மாடல் முதல் கலிபோர்னியாவில் விற்ற புதிய கார்களில், அந்த வாயுவை மீண்டும் எந்திரமே உறிஞ்சி எரிக்கும் அமைப்பு வந்தது. நம் பட்டறைகளில் பிரீதர் என்று சொல்லப்படும் குழாய் அந்த அமைப்பின் ஓர் அங்கம்.

கிராங்க் அறையை அலட்சியம் செய்தால் நேரும் விபரீதத்துக்குக் கடலிலும் சான்று உண்டு. 1947 செப்டம்பர் 11 அன்று, ‘ரெய்னா டெல் பசிபிகோ’ என்ற பயணிகள் கப்பல் பழுது பார்த்தபின் வட அயர்லாந்தையொட்டிய கடலில் சோதனை ஓட்டத்தில் இருந்தது. டீசல் எந்திரத்தின் பிஸ்டன் ஒன்று மிகையாகச் சூடேற, கிராங்க் அறையிலிருந்த எண்ணெய் ஆவி தீப்பற்றி வெடித்தது. 28 உயிர்கள் பலியாயின. காரின் சிறிய எந்திரத்தில் இந்த அளவு வெடிப்பை நாம் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் எண்ணெய் ஆவி விளையாட்டுப் பொருளன்று என்பதை அந்த நாள் உணர்த்தியது.

டர்போ வந்தபின் வந்த சிக்கல்

டர்போ புதிய கண்டுபிடிப்பன்று. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பியூக்கி என்ற பொறியாளர் 1905ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி உருளைக்குள் தள்ளும். சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலும்.

இத்தண்டைத் தாங்குவது எண்ணெய்ப் படலமே. எண்ணெய் பம்பின் அழுத்தத்தோடு டர்போவுக்குள் வருகிறது; ஆனால் திரும்பும்போது வெறும் புவியீர்ப்பினால்தான் ஒரு குழாய் வழியே கீழே வடிந்து சேம்பருக்குப் போகிறது. சிக்கல் இங்கேதான். கிராங்க் அறையில் அழுத்தம் கூடினால் எண்ணெய் வடிய முடியாது. மழைநாளில் சாக்கடை எதிர்த்துக்கொண்டால் முற்றத்தில் தண்ணீர் தேங்குவதுபோல், டர்போவுக்குள் எண்ணெய் தேங்கி இரு முனைகளிலும் கசியும். ஒரு முனையில் கசிந்தது காற்றோடு உருளைக்குப் போய் எரியும். மறுமுனையில் கசிந்தது புகைபோக்கியில் நீலப் புகையாகும். பார்ப்பவர் டர்போ கெட்டுவிட்டது என்பார். புது டர்போ போட்டாலும் கசிவு நிற்காது. நோய் வேறிடத்தில் இருக்கிறதே!

டீசல் எந்திரத்தில் இதற்கு மேலும் ஓர் ஆபத்து உண்டு. கசியும் எண்ணெய் மிகுந்தால் எந்திரம் அதையே எரிபொருளாகக் கொண்டு ஓடத் தொடங்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போய் எந்திரமே சிதறக்கூடும். டீசலை நிறுத்திப் பயனில்லை, காற்றை நிறுத்தினால்தான் அடங்கும்.

பெட்ரோல் எந்திரத்தின் கதை

பெட்ரோல் எந்திரத்தில் டர்போ அழுத்தம் தரும்போது, காற்று உள்ளே செல்லும் அறையில் வெளிக்காற்றைவிட அழுத்தம் கூடிவிடும். அப்போது அங்கே கிராங்க் அறை வாயுவை உறிஞ்ச முடியாது. எனவே ஒருவழி வால்வு ஒன்று அந்தப் பாதையை மூடிக்கொள்ள, வாயு வேறு பாதையில் டர்போவின் முன்பக்கம் செல்கிறது. அந்த வால்வு பழுதானால் டர்போவின் அழுத்தமே கிராங்க் அறைக்குள் புகுந்துவிடும். அழுத்தத்தைச் சீர்செய்யும் ரப்பர்ச் சவ்வு கிழிந்தாலோ உறிஞ்சல் மிகையாகி எண்ணெய் ஆவி இழுக்கப்படும்.

நேரடித் தெளிப்பு முறை இன்னொரு தொல்லையைச் சேர்த்தது. பழைய முறையில் பெட்ரோல் வால்வின் மேல் தெளிக்கப்பட்டு அதைக் கழுவிக்கொண்டே உள்ளே செல்லும். நேரடி முறையில் அது உருளைக்குள்ளேயே தெளிக்கப்படுகிறது. வால்வைக் கழுவ ஒன்றுமில்லை. பிரீதர் கொண்டுவரும் எண்ணெய் ஆவி வால்வின் முதுகில் கரியாகப் படிகிறது. அக்ரூட் ஓட்டின் தூளைக் காற்றால் பீய்ச்சி அதைச் சுரண்டி எடுக்கிறார்கள். இதற்கு ஒரு தீர்வாக, இரண்டு இடத்திலும் தெளிக்கும் எந்திரங்களும் வந்துள்ளன.

பெரிய நிறுவனங்களும் இதில் தடுமாறியதுண்டு. ஆடி நிறுவனத்தின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எந்திரம் கொண்ட 2009 முதல் 2011 வரையிலான சில மாடல்கள் மிகையாக எண்ணெய் குடிப்பதாக அமெரிக்காவில் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். அது சமரசத்தில் முடிந்தது. உராய்வைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்த வளையங்களை மெல்லியதாக்கும்போது, எண்ணெயை வழிக்கும் திறனில் இழப்பு நேரக்கூடும். ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுக்கும் சமன்பாடாகவே பொறியியல் எப்போதும் இருக்கிறது.

முடிவில் நடந்தது

பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் வண்டியைக் காட்டினோம். முதலில் நான்கு உருளைகளின் அழுத்தத்தையும் அளந்தார். நான்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பிறகு எந்திரம் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்தினார். மூடி துள்ளியது. பிரீதர்க் குழாயை எந்திரத்தின் பக்கமிருந்து கழற்றினார். அந்த வாயில் புகை தாராளமாக வெளியேறியது. மூடியின் துள்ளலும் அடங்கியது. “பார்த்தியா தம்பி, மூக்கு அடைச்சிருக்கு, நெஞ்சு நல்லாத்தான் இருக்கு” என்றார். குழாயை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். காற்றுப் போகவில்லை. உள்ளே கரிய களிம்பு.

புதுக் குழாய், பிரிப்பானைச் சுத்தம் செய்தல், புது எண்ணெய், வடிகட்டி. அவ்வளவுதான் செலவு. எந்திரம் இறங்கவில்லை. இன்று அந்த வண்டி எண்ணெய் குடிப்பது மிகக் குறைவு.

எல்லா வண்டிக்கும் இதுவே மருந்து என்று நான் சொல்லவில்லை. வளையம் தேய்ந்த எந்திரத்தைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் திறக்குமுன் அளந்து பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை சமதரையில் நிறுத்தி எண்ணெய்க் கம்பியைப் பாருங்கள். அளவு குறைந்தாலும் கவனியுங்கள்; கூடினாலும் கவனியுங்கள். புதிய டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டியைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் டீசல் எண்ணெயில் கலந்து அளவை உயர்த்தக்கூடும். எண்ணெய் மாற்றும் கெடுவைத் தள்ளிப் போடாதீர்கள். குறுந்தொலைவு மட்டுமே ஓடும் வண்டியில் நீராவி வெளியேறாமல் களிம்பு சேரும்.

அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வாயு பாயும் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்த ஒரு வரி ஒரு குடும்பத்தைப் புதுக் கடனிலிருந்து காக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பாடப் புத்தகத்தை மூடியபின் ஒருமுறை பட்டறைப் பக்கமும் போய்வருவோம், நண்பர்களே.