கல்லூரிக் கூரையில் கல்நார்: உடைக்கும் முன் ஒரு பட்டியல் வேண்டும்

ஆடித் தபசு நெருங்கும் நாட்களில் சங்கரன்கோவிலில் மேற்குக் காற்று சும்மா விடாது. போல்ட் தளர்ந்த சிமென்ட் ஷீட்டைத் தடதடவென ஆட்டும். விரிசல் விட்ட ஓரத்தைப் பெயர்த்துப் போடும். மறுநாள் கூரையில் ஆள் ஏறுவார். கட்டிங் மெஷினை ஷீட்டில் வைத்ததும் வெள்ளைப் புகை போலத் தூசி கிளம்பும். தோளில் கிடந்த துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலையை முடிப்பார். கீழே கொட்டிய பொடியை விளக்குமாற்றால் கூட்டுவார்கள். உடைந்த துண்டுகளைப் பள்ளத்தில் போட்டு நிரவிவிடுவார்கள். விசைத்தறிக் கூடமானாலும் கல்லூரியின் வண்டி நிறுத்தும் ஷெட்டானாலும் இதுதான் வழக்கம்.

அந்தத் தூசியில் சிமென்ட்டோடு கல்நாரும் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெள்ளைக் கல்நார். கல்லிலிருந்து நார் நாராகப் பிரியும் இந்தக் கனிமம் தீப்பிடிக்காது, மக்காது, விலையும் மலிவு. அதனாலேயே இருபதாம் நூற்றாண்டின் கட்டடங்களில் எங்கும் நுழைந்தது. ஆனால் கண்ணுக்கே தெரியாத அதன் நார் மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குப் போனால் அங்கேயே தங்கிவிடக்கூடும். நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் ஆஸ்பெஸ்டாசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா ஆகியவை அதனால் வரும் நோய்கள். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு.

நோய் உடனே தெரிவதில்லை. 20 ஆண்டு முதல் 50 ஆண்டு வரைகூட ஆகும். இருபது வயதில் கல்லூரியில் இழுத்த மூச்சுக்கு, பேரன் பேத்தி எடுத்த வயதில் மருத்துவமனை வாசலில் நிற்க நேரலாம்.

கூரை மட்டும் என்றில்லை. வேதியியல் ஆய்வகத்தில் முக்காலி மேல் வைக்கும் கம்பி வலையை நினைத்துப் பாருங்கள். அதன் நடுவே வெள்ளையாக ஒரு வட்டம் இருக்குமே, பழைய வலைகளில் அது கல்நார். சூடேறிச் சூடேறி அந்த வட்டம் உதிரும். மேசையைத் துடைத்துவிட்டு அடுத்த சோதனையைத் தொடங்குவார்கள். இப்போது அதே இடத்தில் பீங்கான் பூசிய வலைகள் கிடைக்கின்றன. பழைய உலையின் கதவுச் சுற்றுக் கயிறு, வெப்பக் கையுறை, நீராவிக் குழாயின் உறை, மழைநீர் வடியும் சிமென்ட் குழாய், பொறியியல் பட்டறையின் பழைய பிரேக் லைனிங் என்று வளாகத்தில் கல்நார் ஒளிந்திருக்கும் இடங்கள் பல.

ஒரு பல்கலைக்கழகம் இதை அலட்சியம் செய்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்குப் பாரிஸின் ஜுசியூ வளாகம் சாட்சி. 1960களில் கட்டத் தொடங்கிய அந்தக் கட்டடங்களின் இரும்புச் சட்டங்களில், தீயிலிருந்து காக்கக் கல்நாரைத் தெளித்துப் பூசினார்கள். அந்தப் பூச்சு உதிர ஆரம்பித்தது. 1970களின் நடுவில் அங்கேயே பணியாற்றிய ஆய்வாளர் ஆன்ரி பெசெராவும் சக ஊழியர்களும் எச்சரிக்கை எழுப்பினார்கள். ஆனாலும் அகற்றும் வேலை தொடங்க 1996 வரை ஆனது. மாணவர்களையும் ஆய்வகங்களையும் பகுதி பகுதியாக வேறு கட்டடங்களுக்கு மாற்றிச் செய்த பணி முடிய மேலும் இருபது ஆண்டுகள். சீரமைப்போடு சேர்த்துச் செலவு 180 கோடி யூரோ அளவுக்குப் போனது. பிரான்ஸ் 1997 ஜனவரி 1 முதல் கல்நாருக்கே தடை போட்டது.

பிரிட்டன் 1999இல் தடை செய்தது. ஆனால் பழைய கட்டடங்களை ஒரே நாளில் இடித்துவிட முடியாதே! அதனால் பொறுப்பாளர் ஒருவர் கல்நார் எங்கெங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவேடு வைக்க வேண்டும். துளை போட வரும் எலக்ட்ரீஷியனுக்குக்கூட அதைக் காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். அமெரிக்கப் பள்ளிகளுக்கு 1986ஆம் ஆண்டிலேயே இப்படியொரு சட்டம் வந்துவிட்டது.

இந்தியாவில் வெள்ளைக் கல்நாருக்கு முழுத் தடை இல்லை. அது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிக் கூரை ஷீட்டாக மாறுகிறது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கல்நார் தொழிலாளரின் ஆரோக்கியம் அவரது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அவரது மருத்துவப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்து 15 ஆண்டுகள் பாதுகாக்கச் சொன்னது. ஆலைத் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு. கூரை மாற்ற ஒருநாள் கூலிக்கு வருபவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த பின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பல இடங்களில் அந்த இடத்துக்கு ஷீட் வந்தது. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததும், பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் வேலை மாநிலமெங்கும் வேகமெடுத்தது. இடிக்கத்தான் வேண்டும். ஆனால் அவற்றின் ஷீட் கூரையை ஜேசிபியால் நொறுக்கினால், ஓர் ஆபத்தை நீக்கப் போய் இன்னொன்றைக் காற்றில் கலந்துவிடுகிறோம்.

நல்ல நிலையில் இருக்கும் ஷீட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். சிமென்ட்டில் இறுகியிருக்கும் நார் தானாகக் கிளம்பி வராது. வெட்டும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும், கம்பித் தூரிகையால் பாசி தேய்க்கும்போதும்தான் அது பறக்கிறது. ஆகவே முதல் வேலை பட்டியல் எடுப்பது. சந்தேகமான பொருளை ஆய்வகத்தில் சோதிப்பது. உறுதியாக இருப்பதற்கு வண்ணம் பூசி, அடையாளம் ஒட்டி, ஆண்டுதோறும் பார்வையிட்டால் போதும்.

கழற்றியே ஆக வேண்டுமென்றால் விடுமுறையில், ஆள் நடமாட்டம் இல்லாதபோது செய்ய வேண்டும். ஷீட்டைத் தண்ணீரால் நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். மேலிருந்து எறியக் கூடாது. துண்டும் துணி மாஸ்க்கும் இந்த நாரைத் தடுக்காது. நுண்தூசியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். உலர்ந்த தரையில் விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் மற்ற துணிகளோடு துவைக்கக் கூடாது. கழற்றியதைக் கனமான பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தைக் கேட்டு, அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கோழிக்கூண்டுக்குக் கேட்கிறார்கள் என்று கொடுத்தனுப்பக் கூடாது.

கல்லூரி முதல்வர்களுக்கும் பல்கலைக்கழகப் பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கோடை விடுமுறைப் பராமரிப்புக்கு டெண்டர் விடும் முன், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வளாகத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். கூரை, குழாய், கம்பி வலை எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்தப் பட்டியலின் ஒரு நகலை, ஏணியில் ஏறப் போகிறவரின் கையில் முதலில் கொடுங்கள்.