பதிவொலி இசையில் இனங்காணும் ஒலியும் அருவ ஒலியும்

பதிவு செய்த ஒலிகளைக் கொண்டு அமைக்கப்படும் பரிசோதனை இசையில் ஒலிகள் பொதுவாக இரு வகையாகப் பகுக்கப்படுகின்றன. எதிலிருந்து எழுந்தது என்று கேட்டவுடன் சொல்லிவிடக்கூடியது இனங்காணத்தக்க ஒலி. மூலம் புலப்படாத ஒலி அருவ ஒலி. இவற்றுக்கு இடையே கூர்மையான எல்லை இல்லை. ஒரே பதிவு, கையாளும் முறைக்கும் கேட்பவருக்கும் ஏற்ப, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரக்கூடும்.

எடுத்துக்காட்டு: அவனியாபுரம்

மதுரை மாநகராட்சிக்கு உட்பட்ட அவனியாபுரத்தில் தை முதல் நாளில் ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. வாடிவாசலருகே ஒலிப்பதிவு செய்தால் காளையின் சலங்கை, ஒலிபெருக்கி அறிவிப்பு, கூட்டத்தின் ஆரவாரம் ஆகியவை பதிவாகும். மதுரை விமான நிலையம் அருகில் இருப்பதால் விமான இரைச்சலும் சேரக்கூடும். இப்பதிவை அப்படியே ஒலிக்கவிட்டால் ஊரும் நாளும் கண்முன் வரும். ஆரவாரத்தில் ஒரு நொடியை மட்டும் வெட்டி, வேகத்தைப் பாதியாகக் குறைத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தால், அது காற்றா, கடலா, கூட்டமா என்று சொல்ல முடியாமல் போகலாம்.

தோற்றம்

பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பொறியாளர் பியர் ஷாஃபர் 1948-ல் பாரிசின் பத்திஞோல் நிலையத்தில் ரயில் ஒலிகளைப் பதிவு செய்து, ரயில்பாதைகளைப் பற்றிய ஒரு சிறு படைப்பை அமைத்தார். 'மியூசிக் கொன்க்ரீட்' எனப்பட்ட இசைமுறை இதிலிருந்தே தொடங்கியதாகக் கருதப்படுகிறது. ஆனால் அதைக் கேட்பவர்களுக்கு ரயில் ரயிலாகவே கேட்டது. மூலத்தை மறந்து ஒலியின் வடிவத்தையும் தன்மையையும் மட்டுமே கேட்க வேண்டும் என்பது ஷாஃபரின் எண்ணம். இதை அவர் 'குறுக்கிய கேட்டல்' என்றார். 1966-ல் வெளியான தம் பெருநூலில் இதை விரிவாக விளக்கினார்.

மூலத்தை மறைக்கும் முறைகள்

ஒலியை இனங்காண அதன் தொடக்கம் பெரிதும் உதவுகிறது. மணியோசையில் நாக்கு உலோகத்தைத் தட்டும் கணத்தை வெட்டி நீக்கினால், எஞ்சும் ரீங்காரம் ஏதோ ஊதுகருவியின் ஒலிபோலக் கேட்கும். ஷாஃபர் தம் தொடக்கச் சோதனைகளில் இதைக் கண்டறிந்தார். நாடாவின் வேகத்தை இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். கால அளவு பாதியாகும். பின்னோக்கி ஓடவிட்டால், தேய்ந்து மறையும் ஒலி பெருகி வந்து சட்டென நிற்கும்.

திரும்பத் திரும்பக் கேட்பதும் பொருளைக் கரைத்துவிடும். ஸ்டீவ் ரைக் 1965-ல் அமைத்த 'இட்ஸ் கோனா ரெய்ன்' படைப்பில், சான் பிரான்சிஸ்கோவில் பதிவான ஒரு தெருப் பிரசங்கியின் சொற்கள் இரு நாடாக்களில் மெல்ல விலகி, பேச்சு தாளமாக மாறுகிறது.

எதிர்ப்போக்கு

மூலத்தை மறைப்பதை எல்லோரும் ஏற்கவில்லை. லுக் ஃபெராரி 1970-ல் நிறைவு செய்த 'பிரெஸ்க் ரியான் எண் 1' என்ற படைப்பில், ஒரு கடலோரச் சிற்றூரின் விடியல் ஒலிகள் பெரிதும் உருமாறாமலே கேட்கின்றன. கனடாவில் ஆர். முர்ரே ஷேஃபர் தொடங்கிய உலக ஒலிச்சூழல் திட்டம், ஓர் இடத்தின் ஒலிகளை அந்த இடத்தின் அடையாளமாகவே மதித்தது. அத்திட்டத்தில் பணியாற்றிய ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப், 1990-களில் இந்தியாவில் பதிவான ஒலிகளைக் கொண்டும் படைப்புகள் அமைத்தார்.

இந்தியாவில்

அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் டேவிட் டியூடர் ஒரு மின்னணு இசைக்கூடத்தை நிறுவினார். மூக் சிந்தசைசரும் நாடாப் பதிவுக் கருவிகளும் அங்கு இருந்தன. கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கு பணியாற்றினர். 1969 முதல் 1972 வரை உருவான ஒலிப்பதிவுகளிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு தொகுப்பு 2023-ல் வெளியானது. சிந்தசைசரின் மின்னொலிக்கு வெளியுலகில் மூலப்பொருள் இல்லை. எனவே அது தொடக்கத்திலேயே அருவமானது. ஆயினும் கேட்பவர் அதில் பறவையையோ விண்கலத்தையோ தேடிக்கொள்வதுண்டு.

கேட்பவரின் பங்கு

இனங்காண்பது கேட்பவரின் பட்டறிவைச் சார்ந்தது. உறுமியின் ஒலி மதுரைக்காரருக்கு உடனே தெரியும். அதைக் கேட்டறியாதவருக்கு அது மூலம் தெரியாத உறுமல் மட்டுமே. தமிழின் இரட்டைக்கிளவிகளும் இங்கு நினைக்கத்தக்கவை. 'சலசல' என்பது நீருக்கும் பொருந்தும், இலைக்கும் பொருந்தும். ஒலியின் மூலத்தைச் சொல்லாமல் அதன் தன்மையை மட்டும் சொல்லும் சொல் அது.

ஆகவே ஒரு பதிவை எவ்வளவு உருமாற்றுவது என்பது வெறும் நுட்பக் கேள்வி அன்று. ஆரவாரத்தை அருவமாக்கினால் இசைக்குப் புதிய நிறம் கிடைக்கும். ஆனால் குரல் கொடுத்தவர்களும் அவர்களுடைய ஊரும் அதிலிருந்து மறைந்துபோவார்கள். மாற்றாமல் வைத்தால் ஊர் நிலைக்கும். கேட்பவர் காதோ ஒலியை விட்டுச் செய்தியின் பின்னால் போய்விடும். பல இசையமைப்பாளர்கள் இரண்டையும் ஒரே படைப்பில் வைத்து, இனங்காணும் கணத்தையும் இழக்கும் கணத்தையும் மாறி மாறிக் கேட்கச் செய்கின்றனர். எந்த வழியைத் தேர்ந்தாலும், மாற்றப்படாத மூலப்பதிவை இடமும் நாளும் குறித்துத் தனியே காப்பது நல்லது. உருமாறிய ஒலியிலிருந்து மூல ஒலியை முழுமையாக மீட்பது பெரும்பாலும் இயலாது.